பழ ஈ சிறகின் இடது–வலது வித்தியாசம்: மரபணுவுக்கு முன் அளவுப் பிழை

வணக்கம். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில் வளர்த்த டில்ப்8 பிறழ்வு ஈக்களிலும் (இரு சிறகுகளும் ஒரே அளவில் வளர உதவும் டில்ப்8 ஹார்மோனின் மரபணு பழுதானவை) சாதாரண ஈக்களிலும் சிறகுச் சமச்சீரின்மை ஒரே மாதிரி வருகிறது, பிறழ்வு ஈக்களில் அது கூடவில்லை என்கிறீர்கள். பிறழ்வைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் அளவுப் பிழையை, அதாவது அளக்கும்போது வரும் பிழையை, பாருங்கள். இரு சிறகுகளின் வித்தியாசம் மிகச் சிறியது. ஸ்லைடில் சிறகு லேசாக மடங்கினாலே அது மறைந்துவிடும். ஒவ்வொரு சிறகையும் இரண்டு முறை படமெடுத்து, எந்த ஈ, எந்தப் பக்கம் என்று தெரியாமல் அளக்கவும். பிறகு இருவழி அனோவா (வேறுபாட்டில் எது எந்தக் காரணியால் வந்தது என்று பிரிக்கும் புள்ளியியல் சோதனை): ஈ × பக்கம் ஊடாட்டம், அதாவது ஈக்கு ஈ மாறும் இடது–வலது வித்தியாசம், அளவுப் பிழையைவிடத் தெளிவாகப் பெரிதாக இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இல்லை. பக்கம் மட்டும் தனியாகத் தூக்கலாக வந்தால் அது எல்லா ஈக்களிலும் ஒரே பக்கம் பெரிதாக இருக்கும் திசை சார்ந்த வித்தியாசம், நீங்கள் தேடும் தற்செயலான வித்தியாசம் அல்ல.

அடுத்தது வெப்பம். 30 டிகிரிக்கு மேல் ஆண் ஈக்கள் மலடாகும், சாதாரண ஈயும் தடுமாறும். உங்கள் ஒப்பீட்டுக் குழுவே கெட்டுப்போகும். 25 டிகிரி இன்குபேட்டர் கட்டாயம். குப்பிக்கு 50 முட்டை, எண்ணிப் போடுங்கள். நெரிசலில் உடலளவே மாறும். ஆண், பெண் தனித்தனியே.

டில்ப்8 செய்வது நேரம் வாங்கித் தருவது: வளர்ச்சி தடைபட்ட திசு அதைச் சுரக்கும், மூளையில் எல்ஜிஆர்3 என்ற ஏற்பி அதை ஏற்கும், உருமாற்றத்தைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோன் தள்ளிப்போகும். எனவே கூட்டுப்புழுவாகும் நேரத்தையும் குறித்து வையுங்கள். இரு வகைகளின் மரபணுப் பின்னணியும் ஒன்றுதானா? இல்லையென்றால் சில தலைமுறை பின்கலப்பு (பிறழ்வு ஈக்களைச் சாதாரண வகையுடன் மீண்டும் மீண்டும் கலப்பது) செய்த பிறகே அளக்கவும்.