மேய விடும் நாட்டுக்கோழிகளைப் பெட்டியிலேயே முட்டையிடப் பழக்குவது எப்படி?

தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழிகள், பெட்டி வைத்தும் வைக்கோல் போரடியிலும் வேலியோரத்திலும்தான் முட்டையிடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலை, காலையில் கதவைச் சீக்கிரம் திறக்காமல் இருப்பது. பெரும்பாலான கோழிகள் மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும். அதனால் பத்து, பத்தரை மணி வரை தீனியும் தண்ணீரும் வைத்து உள்ளேயே நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாள் இப்படிச் செய்தாலே பல கோழிகள் வழிக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெண்கள் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்வார்கள். திறந்துவிடும் முன் ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, கக்கத்தில் அணைத்துக்கொண்டு, பின்புறத்தில் விரலால் முட்டை பார்ப்பார்கள். அன்றைக்கு இடப்போகிற கோழிக்கு முட்டை கெட்டியாகத் தட்டுப்படும். அதை மட்டும் பஞ்சாரத்தில், அதாவது கோழியை மூடிவைக்கும் கூடையில், கவிழ்த்துவிட்டு மற்றவற்றை மேய விட்டுவிடுவார்கள். பழகிய கைக்கு அரை நிமிட வேலை. பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். முட்டை உள்ளே உடைந்தால் கோழியின் உயிருக்கே ஆபத்து.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். ஆகவே இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கோ பத்துக்கோ இடும். இப்படித் தள்ளித் தள்ளிப் போய், ஒரு நாள் இடாமல் விட்டு மறுபடி காலையில் தொடங்கும். தாமதமாக இடுகிற கோழி கதவு திறந்ததும் நேராகப் பழைய இடத்துக்கே ஓடும். அதன் பின்னால் போங்கள். மற்ற கோழிகளோடு மேயாமல், கழுத்தை நீட்டி, கேறிக்கொண்டே தனியாக நடக்கும். இட்டபிறகு கொக்கரிப்பதை நம்பித் தேடினால் பல சமயம் ஏமாறுவீர்கள். கூட்டை விட்டுத் தள்ளி வந்தும் கொக்கரிக்கும்.

கோழிக்கு இது பிடிவாதம் இல்லை. காட்டுக்கோழி புதரடியில் தரையைப் பறித்து, மறைவாகத்தான் முட்டையிடும். வீட்டுக்கோழிக்கும் அந்த உந்துதல் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் நம் பெட்டி வேலிப்புதரை விட நல்ல மறைவாக இருக்க வேண்டும், இல்லையா? ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும். முன்னால் ஒரு கோணித் துண்டைப் பாதி தொங்கவிட்டால் உள்ளே இருட்டாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடிக்குக் குறையாமல், நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். இரவில் அடையும் கழி பெட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே தூங்கி எச்சமிட்டு நாறடித்துவிடும்.

எல்லாம் சரியாக வைத்தும் பழகிய கோழி திடீரென்று பெட்டியை விட்டுவிட்டால், செள்ளு, அதாவது கோழியின் இரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சி, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பகலில் கண்ணில் படாது. இரவில் டார்ச் அடித்துப் பெட்டியின் இடுக்குகளையும் அடிப்பக்கத்தையும் பார்த்தால் சிவப்பாக ஊரும். வைக்கோலை எரித்துவிட்டு, பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, புது வைக்கோல் போடுங்கள்.

பெட்டியை ஒருபோதும் காலியாக வைக்காதீர்கள். ஒரு முட்டையில் கரியால் கோடு போட்டு உள்ளேயே விட்டுவையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மரத்தில் கடைந்த பொய் முட்டையும் வேலை செய்யும். ஏற்கெனவே முட்டை கிடக்கிற இடத்தில்தான் அடுத்த கோழி துணிந்து உட்காரும். வெளியே கண்டுபிடித்த கூட்டிலோ இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். முட்டைகளை மொத்தமாக எடுத்து, அந்த இடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள். அன்றிலிருந்து அந்தக் கோழியைக் கட்டாயம் உள்ளே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வேறு புதர் தேடிக்கொள்ளும்.

இதில் அலட்சியம் வேண்டாம் என்று நான் சொல்வது முட்டைக் கணக்குக்காக மட்டுமல்ல. பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் கோழி அந்தப் புதரிலேயே அடை உட்கார்ந்துவிடும். 21 நாளும் இரவில் எழுந்து வராது. கீரியும் நாயும் இருக்கிற ஊரில் அது பிழைத்து வருவது அபூர்வம்.

வெயில் காலத்தில் மட்டும் ஒரு மாற்றம். தகரக் கூரை எட்டரை மணிக்கே கொதிக்கும். மேலே தென்னங்கீற்று பரப்பி, காற்றோட்டம் பார்த்துவிட்டு அடையுங்கள். கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மணி என்ன என்று பார்க்காமல் திறந்துவிடுங்கள்.