சேலம் விமான நிலையத்தைப் பூட்டியிருந்தால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: கொரோனா காலத்தில் சேலம் விமான நிலையத்துக்கு வந்துபோனது ஒரே ஒரு சின்ன விமானம். அதற்கு ஒரு கட்டிடம், தீயணைப்பு வண்டி, போலீஸ், கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று ஒரு படையே காத்திருந்தது. பூட்டிப் போட்டிருந்தால் நம் வரிப்பணம் மிஞ்சியிருக்கும். கடைசியில் அந்த விமானத்தையும் கொரோனா நிறுத்திவிட்டது. இத்தனை செலவும் யாருக்காக?
– சேலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: சேலத்துக்காரரே சேலத்தைப் பூட்டச் சொல்கிறீர்கள். சரி, பூட்டித்தான் பார்ப்போமே.

2020 மார்ச் 24 நள்ளிரவோடு நாடு முழுக்க உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25-ல்தான் திரும்பப் பறந்தன. ஆக, பயணிகளைப் பொறுத்தவரை நீங்கள் கேட்ட பூட்டு இரண்டு மாதம் எல்லா ஊரிலும் தொங்கத்தான் செய்தது. அதில் எவ்வளவு மிச்சமானது? ஆளுக்கு ஆள் டிக்கெட் விற்று அதற்கேற்பச் செலவு செய்யும் இடமல்ல விமான நிலையம். பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஓடுபாதை அதே ஓடுபாதைதான். ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருப்பது சுமார் 1,800 மீட்டர். அதன் ஓரத்துப் புல்லுக்கு ஊரடங்கு தெரியாது. புல் உயர்ந்தால் பூச்சி, பூச்சியைத் தேடிப் பறவை, பறவை வந்தால் விமான இன்ஜினுக்கு ஆபத்து. விளக்குகளை எரியவிட்டுப் பார்க்க வேண்டும், சுற்றுச்சுவரில் நாய் நுழையும் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சுற்றி வர வேண்டும். இதையெல்லாம் இரண்டு மாதம் விட்டுவிட்டு மே 25 காலையில் சாவி போட்டுத் திறந்துவிட முடியாது.

அந்த 'ஒரே ஒரு சின்ன விமானம்' வந்து இறங்குவதையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சென்னையிலிருந்து வந்துபோனது ட்ரூஜெட் கம்பெனியின் ஏடிஆர்-72 ரக விமானம். எழுபது பேர் உட்காரலாம். அது வருவதற்கு முன்னால் ஒரு ஜீப் ஓடுபாதை நெடுக மெதுவாகப் போகும். அதில் இருப்பவர் தேடுவது ஒரு கல்லை, கழன்று விழுந்த ஒரு போல்ட்டை, செத்துக் கிடக்கும் ஒரு குருவியை. கோபுரத்தில் இருப்பவர் காற்றின் திசையும் வேகமும், வெப்பநிலையும், காற்றழுத்தமும் விமானிக்குச் சொல்ல வேண்டும். அழுத்தத்தைத் தப்பாகச் சொன்னால் விமானியின் உயரமானியும் தப்பாகக் காட்டும். தீயணைப்பு வண்டி இன்ஜினை உயிரோடு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எத்தனை வண்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நுரை என்பதெல்லாம் விமானத்தின் நீளத்தை வைத்து முடிவாகிறது. உள்ளே எத்தனை பேர் என்று அந்த விதி கேட்பதில்லை. ஏழு பேரோடு வந்த ஏடிஆர் தீப்பிடித்தாலும் எழுபது பேரோடு வந்த ஏடிஆர் தீப்பிடித்தாலும் எரிபொருள் ஒன்றுதான்.

(ஏடிஆரில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு இருக்கைதான். பெரிய விமானங்களில் நடு இருக்கைக்காரருக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்ட கூத்து நடந்தபோது, இங்கே நடு இருக்கையே கிடையாது. சின்ன விமானத்துக்கு இப்படி ஒரு பெருமையாவது இருந்துவிட்டுப் போகட்டும்.)

இனி உங்கள் வரிப்பணம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த 'உடான்' திட்டத்தில், அந்த ஊர் நிலையங்களுக்குப் போலீஸ் காவலையும் தீயணைப்பையும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். விமானக் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட ஓர் ஆதரவுத் தொகை உண்டு. அதில் மாநிலத்தின் பங்கு போக மீதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களின் மேல் போடும் ஒரு கட்டணத்திலிருந்து. நீங்கள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரிலிருந்து தில்லி போகிறீர்களே, அந்த டிக்கெட்டில் சேலத்துக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறீர்கள். இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய விமானங்கள் நின்றுபோனால் அந்தக் கட்டணமும் நின்றுபோகும். மே மாதம் பறக்க விட்டபோதும் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அனுமதி. அது படிப்படியாக ஏறி, நடுவில் இரண்டாம் அலையில் பாதியாகக் குறைந்து, முழு அனுமதி கிடைத்தபோது 2021 அக்டோபர் ஆகிவிட்டது. சேலத்துக்குக் காசு அனுப்ப வேண்டிய பெரிய அண்ணன்களே அந்த ஒன்றரை வருஷமும் முடங்கித்தான் கிடந்தார்கள்.

யாருக்காக என்று கேட்டீர்கள். 2020 மே மாதத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இ-பாஸ் இல்லாமல் அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாது. ஓசூருக்கும் நமக்கும் நடுவே திடீரென்று ஒரு நாட்டு எல்லை முளைத்த மாதிரி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்தால் கர்நாடக அரசு 7 நாள் தனி இடத்தில் அடைத்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயும் விமானம் ஏற இ-பாஸ் கேட்டார்கள். சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டியவருக்கும், வெளிநாட்டிலிருந்து சென்னை வந்து இறங்கிச் சேலம், தருமபுரி, நாமக்கல் போக வேண்டியவருக்கும் ஒரு மணி நேரப் பயணம் அன்றைக்குச் சின்ன விஷயமல்ல. பெங்களூரில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் அதனால் பயனில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்போது சேலத்திலிருந்து பெங்களூருக்கு விமானமே கிடையாது. இருந்திருந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் காரில் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருப்பீர்கள்.

கடைசியாக, கொரோனா நிறுத்திவிட்டது என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சேலம் விமான நிலையம் 1993-ல் வந்தது. முதலில் என்இபிசி என்ற கம்பெனி பறந்தது, நின்றது. அப்புறம் 2009-ல் நம் பெங்களூருக் கிங்ஃபிஷர் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அப்போதெல்லாம் கொரோனாவா இருந்தது? ட்ரூஜெட் 2018 மார்ச்சில் உடானில் வந்தது. உடானில் கம்பெனிக்கு ஆதரவுத் தொகை 3 ஆண்டுக்குத்தான். கூட்டிப் பாருங்கள், எந்த வருஷம் வருகிறது? 2021. சேலம் சேவை நின்றதும் 2021-ல்தான். ட்ரூஜெட் கம்பெனியே 2022 பிப்ரவரியில் பறப்பதை நிறுத்திக்கொண்டது.

சேலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பாருங்கள். உடானின் முதல் மூன்று சுற்றுகளில் 774 தடங்களை ஒதுக்கினார்கள். அதில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை. கிளம்பிய 371-ல் 3 ஆண்டை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. கொரோனா சில தடங்களை முன்கூட்டியே கவிழ்த்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிளம்பவே கிளம்பாத தடங்களுக்கும் சேர்த்து அதன் தலையில் கட்டுவது அதிகாரிகளுக்கு வசதியான பேச்சு. நீங்களும் நானும் அதை ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்?

அன்றைக்குத் தீயணைப்பு வண்டி வீணாக நின்றதா என்ற உங்கள் கோபத்தை எடுத்து வேறு இடத்தில் காட்டுங்கள். 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், அதே உடான் திட்டத்தில், பெங்களூரு–சேலம்–கொச்சி சேவையைத் தொடங்கியது. பிறகு இண்டிகோவும் வந்தது. 3 ஆண்டுக் கணக்குப்படி ஆதரவுத் தொகையின் கெடு 2026 அக்டோபர். கெடுவுக்குப் பின்னும் கம்பெனிகள் பறக்குமா, அதற்கு மாநில அரசு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது, ஓடுபாதையை நீட்டும் வேலை எங்கே நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மத்திய அரசுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.