லத்தீனோ-கரீபிய ஆய்வுகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நியூ ஜெர்சியில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் பேத்தி, லத்தீனோ-கரீபிய ஆய்வுகளை, அதாவது அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழியினரையும் கரீபியத் தீவு மக்களையும் பற்றிய படிப்பை, முதன்மைப் பாடமாக எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். பாடத்திட்டத்தில் வரலாறு, இலக்கியம், சமூகவியல், இசை, குடியேற்றச் சட்டம் என்று எல்லாம் இருக்கின்றன. எதிலும் ஆழம் இராது என்று தோன்றுகிறது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் கேட்கிறேன். இது ஒரு துறைதானா?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

இது பேராசிரியர்கள் கூடி வகுத்த துறை அல்ல, மாணவர்கள் போராடிப் பெற்றது. 1969 ஏப்ரலில் நியூயார்க் சிட்டி கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கறுப்பின மாணவர்களும் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் வழிவந்த மாணவர்களும் வாயில்களைப் பூட்டித் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். கல்லூரி இருந்தது இவ்விரு மக்களும் மிகுந்து வாழ்ந்த ஹார்லெமில். ஆனால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே மிகச் சிலரே படித்தார்கள். ஐந்து கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் மக்களைப் பற்றிப் படிக்க ஒரு தனிப் புலம். இன்னொன்று, ஆசிரியர் பயிற்சி பெறுவோர் அனைவரும் ஸ்பானிஷ் மொழியையும் இவ்விரு மக்களின் வரலாற்றையும் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது. மாணவர்களின் கண் பள்ளிக்கூடத்தின் மேல் இருந்தது என்பதால் இந்த இரண்டாவதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1973இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் போர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் தொடங்கியது.

பல துறைகள் ஏன் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோவையே எடுத்துக்கொள்வோம். 1898 போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பெற்ற தீவு அது. 1917இல் அம்மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் தீவில் வாழும்வரை அவர்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை, நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தால் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவு தொழில்மயமானபோது கரும்பு வயல்களில் வேலை சுருங்கியது, புதிய ஆலைகளிலோ அத்தனை பேருக்கும் இடமில்லை. விசா தேவையில்லை, விமானக் கட்டணமும் மலிவு என்பதால் லட்சக்கணக்கானோர் புறப்பட்டுக் கிழக்கு ஹார்லெமின் பழைய வாடகைக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். சுவரிலிருந்து உதிரும் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. தவழும் குழந்தைகள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். 'யங் லார்ட்ஸ்' என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு வீடுவீடாகச் சென்று ஈய நச்சுக்கான சோதனை நடத்தியது. 1970 ஜூலையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியிலுள்ள லிங்கன் மருத்துவமனைக்குள் புகுந்து, முறையான சிகிச்சை கேட்டுப் போராடியது. ஒரு குழந்தையின் உடலில் ஈயம் எப்படி வந்தது என்று விளக்கப் புகுந்தால் கரும்புப் பொருளாதாரம், குடியுரிமைச் சட்டம், வீட்டு வாடகை, பொதுச் சுகாதாரம் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். எந்தத் துறைக்குள்ளும் முழுதாக அடங்காத கேள்விகளைப் பொருளாகக் கொண்டதால்தான் இது துறையாகிறது. பாடத்திட்டம் பரந்திருப்பது அதனால்தான்.

ஆழத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தை மட்டும் தள்ளிவிட மாட்டேன். ஆழம் இங்கே மொழியில்தான் இருக்கிறது. 1804இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்ற கரீபிய நாடான ஹைட்டியிடம், பிரெஞ்சுக் குடியேறிகள் இழந்த சொத்துகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்க் தரவேண்டும் என்று 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி ஒப்புக்கொள்ள வைத்தது. அந்தக் கடனின் ஆவணங்களைப் படிக்கப் பிரெஞ்சு வேண்டும். அதன் சுமையைத் தாங்கிய மக்களின் பேச்சைக் கேட்க அவர்களுடைய மொழியான கிரியோல் வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கரீபியாவைப் பற்றிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள்; கல்வெட்டைப் படிக்கத் தெரியாமல் சோழர் ஆய்வில் பட்டம் வாங்கியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு குறை, ஸ்பானிஷ் பேசும் தீவுகளுக்குக் கிடைக்கும் கவனம் பிரெஞ்சு, டச்சுத் தீவுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தபின் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குவாதலூப், மார்ட்டினிக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் இன்றும் அங்கே கும்பிடுகிறார்கள். பேத்திக்குத் தமிழ் நன்றாக வருமென்றால், ஆய்வேட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லலாம்.

இதனுடன் பொருளாதாரத்தையோ வரலாற்றையோ இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுக்க அவளுடைய கல்லூரி இடம்கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்பானிஷோ பிரெஞ்சோ எத்தனை பருவங்கள் கட்டாயம் என்பதையும் கேளுங்கள். ஒன்றுகூடக் கட்டாயமில்லை என்றால், அப்போது நானும் உங்கள் பக்கம்தான்.