ரத்தம் வருகிறது, கேனுலா ஏறவில்லை: பதில்

டாக்டர், ஏழு மாதக் குழந்தை, செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் ரத்த ஓட்டம் குலைந்த நிலை), அல்ட்ராசவுண்ட் ஸ்க்ரீனில் மணிக்கட்டின் ரேடியல் தமனி நன்றாகத் தெரிகிறது, ரத்தமும் எட்டிப் பார்க்கிறது, ஆனால் கேனுலா (ஊசியின் மேல் நழுவித் தமனிக்குள் போகும் மெல்லிய குழாய்) ஏற மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி ஊசியின் முனை அல்ல, தண்டு. முனை அதற்குள் பின்சுவரைத் தாண்டியிருக்கும்.

குறுக்குவெட்டுப் பார்வையில் ப்ரோபை (தோலின் மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை) முழங்கைப் பக்கமாக இம்மி நகர்த்துங்கள். புள்ளி மறைய வேண்டும். அது மீண்டும் தெரியும்வரை மட்டும் ஊசியைத் தள்ளுங்கள். இப்படியே மாறி மாறி. ரத்தம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். புள்ளி தமனியின் நடுவிலேயே நிற்க, இன்னும் சில மில்லிமீட்டர் உள்ளே போன பிறகே கேனுலாவை நழுவவிடுங்கள். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இங்கேதான்.

ப்ரோபை அழுத்த வேண்டாம். ஷாக்கில் லேசான அழுத்தத்துக்கே தமனி சப்பிவிடும். மணிக்கட்டை மிகையாக வளைத்தாலும் அதே கதி. தமனி 2 மி.மீ. ஆழம்கூட இல்லையென்றால், தோலடியில் கொஞ்சம் சலைன் செலுத்தி 2 முதல் 4 மி.மீ. ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய 24 கேஜ் கேனுலா போதும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தமனி சுருங்கிவிடும். அதற்குப் பதில் உள் கணுக்காலுக்குப் பின்னால் போஸ்டீரியர் டிபியல் தமனியைப் பாருங்கள், பலர் மறந்துவிடும் இடம் அது. போட்ட பிறகு விரல் நுனிகளின் நிறத்தை மணிக்கொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.