கத்திரி வெயிலில் மாடித் தக்காளி பூ உதிர்கிறது. உரம் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்வது?

கேள்வி: திருச்சியில் மொட்டைமாடியில் 12 அங்குலப் பைகள் இருபதில் தக்காளி, மிளகாய், கத்தரி வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து தக்காளிப் பூவெல்லாம் காம்போடு கொட்டுகிறது. மிளகாய் இலை சுருள்கிறது. மதியம் செடி துவண்டுவிடுவதால் 1 மணிக்கும் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன். கடலைப் புண்ணாக்குக் கரைசல் வாரம் இருமுறை கொடுக்கிறேன். அடுத்த மாதம் ஐந்து நாள் வெளியூர் போக வேண்டும், செடிகளை எப்படிக் காப்பது? பறித்த மிளகாயை மோர் மிளகாய் போட்டால் பூஞ்சை பிடிக்கிறது, ஏன்?

பதில்: புண்ணாக்குக் கரைசலை இன்றே நிறுத்துங்கள். உங்கள் செடிகளுக்கு உணவுக் குறை இல்லை, வேரில் சூடுதான் அதிகம். பகலில் 35 டிகிரியையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடி தானே கழித்துவிடும். திருச்சியில் மே மாத இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் எந்தக் கரைசலைத் தெளித்தாலும் இந்த மாதம் பெரிய காய்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) மேலும் மேலும் கொடுத்தால் இலைதான் கொழுக்கும். அந்த இளந்தளிரைத் தேடித்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வரும். மிளகாய் சுருண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் பைகளைத் தளத்திலிருந்து தூக்குங்கள். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் பையின் அடிவழியே வேருக்குக் கொடுக்கும். பைக்கு இரண்டு செங்கல் போதும், அடித்துளை அடைபடாமல் வையுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றதன் பக்கவாட்டில் விழும். மேற்கு ஓரத்தில் நிற்கும் பைகளுக்கு மட்டும் வெளியே சாக்கு சுற்றிவிடுங்கள். மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டைத் துண்டு, எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு விரல் இடைவெளி விடவும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

நிழல்வலை வாங்கும்போது 35 சதவீத வலையை, அதாவது வெயிலில் 35 சதவீதத்தை மறைக்கும் வலையைக் கேட்டு வாங்குங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது 50 சதவீதம். கீரைக்கும் நாற்றுக்கும் அது சரி, ஆனால் காய்க்கும் செடி அதன் கீழ் வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையாக வளரும். ஏழடி உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். மேற்கில் மட்டும் வலை கொஞ்சம் தாழ்ந்து தொங்கட்டும், மாலை வெயில்தான் அதிகம் வாட்டும்.

மதியத் தண்ணீரை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் மாடித் தொட்டியிலும் குழாயிலும் இருக்கும் நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், வேர் வெந்துபோகும். மதியம் துவண்ட செடி வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகம் இல்லை. இலை வழியே போகும் வேகத்துக்கு வேரால் நீரை இழுத்துக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மாலையிலும் துவண்டே கிடந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நீர் குறைவு. ஈரமாக இருந்தும் துவண்டால் பெரும்பாலும் வேர் அழுகல், அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்வதற்குச் சமம். காலை 7 மணிக்குள் அடித்துளையில் நீர் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றுங்கள், தேவைப்பட்டால் மாலையில் அரை அளவு. ஏசி நீர், உப்புப் போடாத அரிசி கழுவிய நீர் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம். அதில் உப்பு திரண்டிருக்கும், கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது. ஓரம் மேல்நோக்கிப் படகு போல் மடங்கினால் இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்சிலந்தி. இரண்டுக்குமே முதலில் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் பால்போல் ஆகும்வரை கலக்கிவிட்டு அப்புறம் நீரில் சேர்க்க வேண்டும். நேராக ஊற்றினால் எண்ணெய் மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடியின் இலை கருகும். மாலை 5.30-க்கு மேல் இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகம் (நீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) நல்ல மருந்துதான். ஆனால் இந்த வெயிலில் அது இலையைச் சுட்டுவிடும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. ஆகவே இப்போது வேண்டாம்.

தக்காளியில் ஏற்கெனவே பிடித்த காயை வளர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 9 மணிக்குள் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் ஒன்றிரண்டாவது பிடிக்கும். பூ இல்லாத பைகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை போடுங்கள், இவை வெயிலை ஏற்கும். வைகாசிக் கடைசியில் தக்காளி நாற்று விட்டால் ஆனியில் நடலாம். பி.கே.எம். 1 ரகம் நம் வெப்பத்துக்குப் பழகியது.

ஊருக்குப் போகும்போது பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதை நம்ப வேண்டாம். காய்க்கும் தக்காளி இந்த வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும், பாட்டில் மறுநாளே காலியாகும். எல்லாப் பைகளையும் நாள் முழுவதும் நிழல் விழும் சுவரோரம் இறக்குங்கள். பூவையும் கனிந்த காயையும் பறித்து, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் நீர்ச்செலவு குறையும். பைகளுக்கு நடுவே, மண்மட்டத்தைவிட உயரமாக ஒரு மூடிய வாளி நீர் வைத்து, தடித்த பருத்திக் கயிற்றை நன்றாக நனைத்து, ஒரு முனை வாளியின் அடியைத் தொடும்படியும் மறுமுனை மண்ணில் மூன்று அங்குலம் புதையும்படியும் விடுங்கள். ஒரு வாளிக்கு மூன்று பைக்கு மேல் வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அமைத்து, கயிறு நீர் இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு நீர் இழுக்காது.

மோர் மிளகாயில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் உப்புக் குறைவாலும் உள்ளே ஈரம் நின்றுவிடுவதாலும்தான். ஒரு கிலோ மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி நீர் சுத்தமாக உலர்ந்த பிறகு, காம்போடு விட்டு நடுவில் சின்னக் கீறல் போடுங்கள். கீறாத மிளகாயின் உள்ளே உப்பு போகாது, அங்கேதான் பூஞ்சை தொடங்கும். ஒரு லிட்டர் புளித்த கெட்டித் தயிரில் 150 கிராம் கல் உப்பைக் கரைத்து, தண்ணீர் சேர்க்காமல், பீங்கான் அல்லது மண் பாத்திரத்தில் ஊற வையுங்கள். அலுமினியம் கூடாது. இரண்டு இரவு ஊறியபின் பகலில் மிளகாயை மட்டும் எடுத்துக் காயவைத்து, மாலையில் அதே மோரில் போடுங்கள், மோர் முழுவதும் இழுத்துக்கொள்ளும் வரை. பிறகு நான்கைந்து நாள் தொடர் வெயில். உலர்ந்த மிளகாயை ஒடித்தால் சடக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.