கேள்வி-பதில்: பாப்பா வந்த வீட்டில் பெரிய பிள்ளை

கேள்வி: பெரியவனுக்கு 3 வயது 2 மாதம். சின்னவளுக்கு 70 நாள். தாய்வீட்டிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது. பகலில் வீட்டில் நான் மட்டும். மற்ற நேரமெல்லாம் பாப்பாவைக் கொஞ்சுகிறான். பால் கொடுக்க உட்கார்ந்தால் மட்டும் வந்து கிள்ளுகிறான், காலைப் பிடித்து இழுக்கிறான். அடித்தும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எப்போது கிள்ளுகிறான் என்பதை நீங்களே கவனித்து எழுதிவிட்டீர்கள்; பாதி விடை அதிலேயே இருக்கிறது. பால் கொடுக்கும்போது உங்கள் இரண்டு கையும் சும்மா இல்லை, கண்ணும் பாப்பா மேல். அவன் கூப்பிட்டால் “இருடா” என்கிறீர்கள். கிள்ளினால் உடனே திரும்புகிறீர்கள். திட்டோ அடியோ, அம்மா திரும்பினாளே, அவனுக்கு அது போதும். அதனால்தான் அடித்தும் நிற்கவில்லை.

மாற்ற வேண்டியது பால் கொடுப்பதற்கு முந்தைய 5 நிமிடத்தை. பாப்பா வீறிட்டு அழும்வரை காத்திருக்காதீர்கள். கையைச் சப்புவது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயைத் திறப்பது, இதெல்லாம் பசியின் முதல் அடையாளம். அப்போதே எழுந்தால் பெரியவனை ஒண்ணுக்குக் கூட்டிப்போய்விட்டு, தண்ணீரும் தின்ன ஏதாவதும் எடுத்துவர நேரம் இருக்கும். அரை வாழைப்பழம், இட்லித் துண்டு போதும். வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டாம். தொண்டையில் சிக்கினால் அந்த நேரம் உங்கள் கையில் பாப்பா இருக்கும்.

கட்டில் விளிம்பில் உட்காராதீர்கள். தரையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். அவன் இழுத்தாலும் யாரும் விழ மாட்டார்கள், அவனும் உங்கள் தொடையில் ஒட்டி உட்காரலாம். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் கிரேயான், ஸ்டிக்கர் தாள், துணி கிளிப், சாவிக்கொத்து என்று 5, 6 சாமான்கள். பாப்பா பால் குடிக்கும்போது மட்டும் டப்பா வெளியே வரும், முடிந்ததும் அலமாரி உச்சிக்குப் போய்விடும். பலர் சறுக்குவது இங்கேதான். பாவம் கேட்கிறானே என்று நாள் முழுக்கக் கொடுத்துவிட்டால் மூன்றாம் நாள் டப்பாவைச் சீண்ட மாட்டான். வாரம் ஒருமுறை சாமான்களை மாற்றுங்கள். போன் கொடுத்தால் அந்த நேரத்துக்கு அமைதிதான், ஆனால் 70 நாள் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தடவைக்கு 20 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாததற்கு, திரும்ப வாங்கும்போது ஒரு சண்டை. எல்லா முறையும் இந்த ஏற்பாடு நடக்காது. நீங்கள் தனியாக இருக்கும் பகல் வேளைகளுக்கு நடந்தால் போதும்.

அப்படியும் கிள்ளினால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “கிள்ளினா வலிக்கும், விட மாட்டேன்” என்று ஒரு வரி. அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம். “ஏன் கிள்ளினே” என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. ‘சாரி’ கேட்கச் சொன்னால் சாரி சொல்லிவிட்டு மறுபடி கிள்ளுவான். முதலில் பாப்பாவைத் தேற்றுங்கள். பிறகு அவன் மெதுவாகத் தொடும்போது, “பாரு, பாப்பாவுக்கு நீ தடவினது பிடிச்சிருக்கு” என்று சொல்லுங்கள். இன்னும் சில மாதத்துக்கு இருவரையும் தனியே விடக் கூடாது. குக்கரை இறக்கிவிட்டு வரும் நேரத்துக்குக்கூட, ஒன்று அவனைக் கூட்டிப்போங்கள், அல்லது பாப்பாவைத் தூக்கிப்போங்கள்.

தினமும் அவனுக்கென்று 15 நிமிடம் வேண்டும். கணவர் வேலை முடிந்து வந்ததும் பாப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு, போனையும் வைத்துவிட்டு, அவன் சொல்கிற விளையாட்டை விளையாடுங்கள். நாளுக்கு ஒரு நேரம் என்று மாற்றாமல் ஒரே நேரத்தில் செய்தால் அவன் அதற்காகக் காத்திருக்கப் பழகுவான்.

எல்லாத் தடையையும் பாப்பா தலையில் போடாதீர்கள். “பாப்பா தூங்குது, கத்தாதே”, “பாப்பாவால வெளியே போக முடியாது” என்று நாள் முழுக்கக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். “அம்மா கை ஈரமா இருக்கு, வர்றேன்” என்றால் பழி ஈரத்தின் மேல் போகும். அவன் காது கேட்க, “பாப்பா, கொஞ்சம் இரு, அண்ணனுக்குச் சோறு போட்டுட்டு வர்றேன்” என்று அவளையும் எப்போதாவது காத்திருக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வருகிற உறவினர்கள். “இனிமே அம்மா உன்னைப் பார்க்க மாட்டா, தங்கச்சியைத்தான் பார்ப்பா” என்று கிண்டல் செய்யும் அத்தையோ சித்தியோ எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை அதை அப்படியே நம்பும். அவன் முன்னாலேயே “யாரு சொன்னா? ரெண்டு பேரையும் பார்ப்பேன்” என்று மறுத்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. 2 வயதிலேயே பாத்ரூம் பழகியவள். தம்பி பிறந்து 4 மாதமாகிறது. இப்போது பகலிலும் ஜட்டியை நனைக்கிறாள். மறுபடி டயப்பர் போடலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பகலில் வேண்டாம். எழுந்ததும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வெளியே கிளம்பும் முன்பும் நீங்களே கூட்டிப்போங்கள். “வருதா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் சொல்வாள், கேட்காமல் கூட்டிப்போவதே சரி. நனைத்தால் பேச்சில்லாமல் மாற்றுங்கள். தம்பிக்கு டயப்பர் மாற்றும்போது சிரித்துப் பேசிவிட்டு அவளுக்கு மாற்றும்போது முகம் சுளித்தால், எது லாபம் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

இரவில் நனைப்பது 5 வயதுவரை நோயே இல்லை. மெத்தையில் ரப்பர் ஷீட், பருத்தி விரிப்பு, அதன் மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போட்டால் நடுராத்திரியில் மேலடுக்கை உருவினால் போதும்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குடலில் கெட்டியாகத் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், அதனாலும் நனையும். எரிச்சல், காய்ச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். ஓயாத தாகம், மிக அதிகச் சிறுநீர், எடை இறங்குவது மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரியவள் ப்ளே ஸ்கூலிலிருந்து மாதம் இருமுறை சளி கொண்டுவருகிறாள். கைக்குழந்தைக்கு 2 மாதம். இருவரையும் பிரித்து வைக்க வீட்டில் இடமில்லை.
- வாசகி, சென்னை

பதில்: பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவி, யூனிஃபார்மை மாற்றிய பிறகுதான் பாப்பாவிடம் போக வேண்டும். முத்தம் கொடுப்பதாக இருந்தால் பாதத்தில். கன்னமும் கையும் வேண்டாம், கை நேராக வாய்க்குப் போகும். உங்களுக்கே சளி என்றாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மூக்கடைப்புக்கு, பால் கொடுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூக்கில் எண்ணெய் விடுவதும் சாம்பிராணிப் புகையும் கூடவே கூடாது.

பாப்பா அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முடியாத குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. அதற்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனை. 3 மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்; அப்போது போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பு ஊசியில்தான் கக்குவான் இருமலுக்கான தடுப்பும் இருக்கிறது. பெரியவளுக்கு 16-24 மாதத்தில் போட வேண்டிய பூஸ்டர் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

கேள்வி: தூளியை அண்ணன் ஆட்டலாமா? அவனுக்கு 4 வயது.
- வாசகர், தேனி

பதில்: நீங்கள் பக்கத்தில் நின்றால் மட்டும், விளிம்பைப் பிடித்து மெதுவாக. அவன் தூளியில் ஏறவோ, முறுக்கிச் சுற்றவோ கூடாது. சேலை கழுத்தில் இறுக்கி உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பாப்பாவை எடுத்ததும் சேலையைச் சுருட்டிக் கொக்கிக்கு மேல் போட்டுவிடுங்கள். தூளி தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருந்தால் போதும், கீழே மெத்தை விரியுங்கள். தூளியில் பாப்பாவின் முகவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படும். ஆகவே தூங்கியதும் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடுவது நல்லது.

கேள்வி: பால் மறந்து ஒரு வருடமான பெரியவன், தம்பியைப் பார்த்து மறுபடி கேட்கிறான். - வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்குச் சம்மதமென்றால் தம்பி குடித்து முடித்த பிறகு ஒருமுறை கொடுக்கலாம், பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாய் சப்பிவிட்டு ஓடிவிடும். விருப்பமில்லையென்றால் மடியில் வைத்துக்கொண்டு டம்ளரில் பால் கொடுங்கள். வேப்பெண்ணெய் தடவுவது வேண்டாம், அது தம்பி வாய்க்கும் போகும்.