ஸ்பானிஷ் கேள்வி பதில்: இன்டிகேடிவா, சப்ஜங்க்டிவா?

கேள்வி: இன்டிகேடிவ், சப்ஜங்க்டிவ் என்பவை ஸ்பானிஷ் வினைச்சொல்லின் இரு வகை வடிவங்கள். உறுதியாகத் தெரிந்தால் இன்டிகேடிவ், சந்தேகம் என்றால் சப்ஜங்க்டிவ். இந்த விதி போதுமா?

பதில்: பாதி தூரம்தான் கைகொடுக்கும். 'மே அலெக்ரோ தே கே எஸ்தேஸ் அக்கி' (நீ இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி) என்பதைப் பாருங்கள். ஆள் கண்முன்னே நிற்கிறார், சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்டிகேடிவான 'எஸ்தாஸ்' வராமல் சப்ஜங்க்டிவான 'எஸ்தேஸ்' வருகிறது. அவர் இருப்பது தெரிந்த விஷயம். அதை நீங்கள் செய்தியாகச் சொல்லவில்லை, அதைப் பற்றிய உணர்வைத்தான் சொல்கிறீர்கள். ஆகவே 'இது உண்மையா?' என்று யோசிக்காதீர்கள். 'இதை நான் ஒரு தகவலாக அறிவிக்கிறேனா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் இன்டிகேடிவ்.

கேள்வி: 'க்ரேயோ கே' (நினைக்கிறேன்) என்பதிலும் உறுதி இல்லையே, அதற்கு ஏன் இன்டிகேடிவ்?

பதில்: 'க்ரேயோ கே ஆனா எஸ்தா என் காஸா' என்றால், ஆனா என்ற பெண் வீட்டில் இருக்கிறாள் என்று கொஞ்சம் தயக்கத்தோடாவது அறிவித்துவிடுகிறீர்கள். 'நோ க்ரேயோ கே' (நினைக்கவில்லை) என்றதும் அந்த அறிவிப்பு போய்விடுகிறது, 'எஸ்தா' 'எஸ்தே' ஆகிறது.

கேள்வி: 'குவாந்தோ'வுக்கு ('போது', 'வந்ததும்' போன்ற பொருள் தரும் சொல்) பிறகு எது?

பதில்: இரண்டும் வரும். வழக்கமாக நடப்பதற்கும் நடந்து முடிந்ததற்கும் இன்டிகேடிவ்: 'குவாந்தோ யேகோ அ காஸா, சேனோ' (தினமும் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுகிறேன்). இனிமேல்தான் நடக்கவேண்டும் என்றால் சப்ஜங்க்டிவ்: 'குவாந்தோ யேகே அ காஸா, தே யாமோ' (வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன்). தமிழில் இரண்டுக்குமே 'வந்ததும்' என்பதால் நமக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. வழக்கமாக நடப்பதா அல்லது நடந்தாகிவிட்டதா, இல்லை இனிமேலா என்று மட்டும் பாருங்கள். 'ஆந்தெஸ் தே கே' (முன்பாக) வந்தால் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் சப்ஜங்க்டிவ்தான்.

கேள்வி: 'புஸ்கோ உன் லிப்ரோ கே தியேனே மாபாஸ்' (வரைபடங்கள் உள்ள ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்) என்று எழுதினேன். ஆசிரியர் 'தியேனே'வை 'தெங்கா' என்று திருத்தினார். என் வாக்கியம் பிழையா?

பதில்: பிழை இல்லை, பொருள் வேறு. 'தியேனே' என்றால் வரைபடங்கள் உள்ள குறிப்பிட்ட ஒரு புத்தகம் உங்கள் மனதில் இருக்கிறது, அதைத் தேடுகிறீர்கள். 'தெங்கா' என்றால் வரைபடங்கள் இருக்கிற ஏதாவது ஒன்று போதும், அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. வினை மாறியதும் தேடும் பொருளே மாறிவிடுகிறது. சப்ஜங்க்டிவின் அழகை முதலில் இங்கே காட்டித்தான் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: 'ஒருவேளை' என்பதற்கு?

பதில்: 'கிஸாஸ்' இரண்டையும் ஏற்கும். 'அ லோ மெஹோர்' இன்டிகேடிவை மட்டும் ஏற்கும்.

கேள்வி: 'ஸி தெங்கா தியெம்போ' (நேரம் இருந்தால்) என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. 'இருந்தால்' என்பதுபோல் நிபந்தனை சொல்லும் இந்த 'ஸி'க்குப் பின் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வராது. நேரம் கிடைக்க வாய்ப்பிருந்தால் 'ஸி தெங்கோ தியெம்போ' என்று இன்டிகேடிவ். இல்லாத நேரத்தைக் கற்பனை செய்தால் 'ஸி துவியெரா தியெம்போ' என்று இறந்தகால சப்ஜங்க்டிவ். 'துவியெஸே' என்றும் பார்ப்பீர்கள். அங்கே பொருள் ஒன்றுதான், பேச்சில் 'துவியெரா' அதிகம்.